ஸ்டாண்டு பாய் தூங்குகிறார்

தாழைக்கழி கடலை விடத் தாழ்ந்த ஊர். ஊருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு கரை, கரை மேல் ஒரு பம்ப் ஹவுஸ், பம்ப் ஹவுஸுக்குள் இரண்டு மோட்டார், இரண்டு மோட்டாருக்கும் சேர்த்து ஒரே ஒரு ஜெபக்கனி. கரைக்கு அடியில் கசிந்து வருகிற கடலையும் மேலே இருந்து கொட்டுகிற மழையையும் வாய்க்காலில் கூட்டி, கிணற்றில் சேர்த்து, கரைக்கு மேலே தூக்கி, மறுபடியும் கடலுக்கே கொடுப்பதுதான் அந்த ஊர் பிழைத்துக் கிடக்கும் வழி. அதைப் பற்றி ஊர்க்காரர்கள் யாரும் யோசிப்பதில்லை, யோசித்தால் ஒரு வாய் சோறு இறங்காது.

ஒன்றாம் நம்பர் மோட்டார் எந்நேரமும் ஓடும். அதன் ரீங்காரம் கேட்டுக்கொண்டேதான் அங்கே கல்யாணம் நடக்கும், சண்டை நடக்கும், பிள்ளை பிறக்கும். இரண்டாம் நம்பர் சும்மா இருக்கும். ஒன்று விழுந்தால் இரண்டு எழுந்து ஓட வேண்டும், அதற்குத்தான் அதை வாங்கி வைத்திருந்தது. ஆனால் சும்மா இருப்பது அவ்வளவு லேசான வேலை இல்லை. சும்மா இருக்கிற இரும்பில் துரு ஏறும், எலி குடும்பம் நடத்தும், பேரிங் இறுகும், ஒரு நாளும் வெளியே தெரியாது. பழைய இரண்டாம் நம்பர் அப்படித்தான் இருந்தது. அப்போது ஆபரேட்டராக இருந்தவன் ஜெபக்கனியின் புருஷன் ஆசீர். ஒரு கார்த்திகை மழையில் ஒன்றாம் நம்பர் புகைந்து நின்றபோது அவன் இரண்டாம் நம்பரின் பச்சை பட்டனை அழுத்தினான், அது ‘ங்ங்’ என்று ஒரு முனகல் முனகிவிட்டு அப்படியே நின்றுவிட்டது. பட்டனை விட்டுவிட்டு அவன் தன் வீடு இருந்த பள்ளத்தெருவுக்கு ஓடினான். வீட்டுச் சுவர் ஊறிப்போய் அவன் வலது கால் மேலேயே விழுந்தது. அன்றிலிருந்து கட்டிலை விட்டு இறங்க அவனுக்கு ஒரு ஆள் வேண்டும், அவன் பார்த்த வேலைக்கு அவள் போக வேண்டியிருந்தது.

புது இரண்டாம் நம்பர் வந்தது. அதன் மேல் ஸ்டாண்ட்பை என்று எழுத வந்த பெயிண்டர், யாரைக் கேட்டு எழுதினானோ, அழகாகக் கொட்டை எழுத்தில் ‘ஸ்டாண்டு பாய்’ என்று எழுதிவிட்டுப் போனான். ஊர் அதைப் பாய் என்றே கூப்பிட ஆரம்பித்தது. பேர் வைத்த மாதம் முடிவதற்குள் பாய் குறட்டை விட ஆரம்பித்தார்.

மத்தியான வெயிலில் ஒன்றாம் நம்பரின் ரீங்காரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சத்தம், இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டு, மறுபடி இழுத்து, வயிறாரச் சாப்பிட்ட மனுசன் மாதிரி. ஜெபக்கனி காதை வைத்துப் பார்த்தாள், மூடி கழற்றிப் பார்த்தாள், எண்ணெய் விட்டுப் பார்த்தாள். மோட்டார் தூங்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். “பாய் அசந்துட்டாரு” என்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். “அசதி இருக்கும்லா, எங்கிருந்தோ லாரியில வந்தவரு” என்றான் ஆசீர்.

ஊருக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. தூங்காத பச்சைப்பிள்ளைகளைக் கொண்டுவந்து பம்ப் ஹவுஸ் கம்பிக்கதவோரம் போட்டால் பாய் குறட்டையில் அதுகளும் அசந்தன. கணவனோடு கோபித்துக்கொண்டு வந்தவர்கள் அங்கே உட்கார்ந்து மனசாறிப் போனார்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்க வந்தவர்கள் அடிமேல் அடி வைத்து வந்து, விரல் படாமல் பொட்டு வைத்தார்கள். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் இருந்து கஞ்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பாய்க்கும் ஒரு வரி சேர்ந்தது. யாரோ ஒரு புண்ணியவதி நல்ல கோரைப்பாய் ஒன்றைக் கொண்டுவந்து மோட்டாருக்கும் சுவருக்கும் நடுவே விரித்துவிட்டுப் போனாள், பாய்க்குப் பாய் இல்லாமல் இருக்கலாமா என்று. கறிக்கடை மீராசா ஒருத்தர்தான் முகத்தைச் சுளித்தார். “நானும் பாய், அவரும் பாய். நான் மத்தியானம் கண்ணசந்தா கடையில ஈ மொய்க்கி, அவரு தூங்கினா மாலை விழுது” என்றார்.

எல்லாம் சரி, ஜெபக்கனிக்கு அது போதவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. வாரத்துக்கு ஒரு தடவை ஒன்றாம் நம்பரை நிறுத்திவிட்டு இரண்டாம் நம்பரைக் கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், கூப்பிட்டால் எழுந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும். இதைக் கேட்கப் போனால் ஊரே அவளைப் பிள்ளை பிடிக்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

“தூங்குத ஆளை எழுப்பலாமாம்மா?” என்றார் பேரூராட்சித் தலைவர் சங்கரபாண்டியன். அவர் கெட்டவர் இல்லை, தூக்கத்தை மதிக்கிறவர், கூட்டங்களிலேயே தூங்குவார்.

“அது ஆளில்ல ஐயா, மோட்டாரு. அவசரத்துக்கு ஓடணும்.”

“அதுக்குத்தானம்மா தூங்கவிடுதோம். நல்லாத் தூங்கினாத்தான நல்லா ஓடும்?”

“தூங்குதா செத்துப்போச்சான்னு எப்படித் தெரியும்?”

“செத்தவன் குறட்டை விடுவானா?” என்றார் தலைவர். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்போடு சிரிப்பாக, பாயின் உறக்கத்தை யாரும் கலைக்கக் கூடாது என்று ஒரு தீர்மானமும் போட்டார்கள். மாவட்ட அலுவலகத்தில் இருந்த பெண் உதவிப் பொறியாளருக்கு ஜெபக்கனி போன் போட்டாள். “எனக்கும் ஓட்டிப் பாக்கணும்னுதான் இருக்கு ஜெபக்கனி, எழுதியும் கேட்டேன், பதிலுக்குத் தீர்மானத்தோட நகலை அனுப்பி வச்சிருக்காங்க, நான் எங்க போய் முட்டிக்க?” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து சட்டியைப் போட்ட சத்தத்திலேயே ஆசீருக்கு விஷயம் தெரிந்தது. “எவனுக்கும் நம்ம வீட்டுச் சுவரு ஞாபகமில்ல” என்றாள். “உங்க கால் ஞாபகமில்ல. தண்ணி வந்தா அவனுவ மாடிக்குப் போவானுவ, நீங்க எங்க போவீய? நான் கரையில நிக்கணும், பட்டனைப் பிடிச்சுக்கிட்டு. உங்களை யாரு தூக்குவா?” ஆசீர் தட்டை இழுத்துக்கொண்டான். சாப்பிட்டான், படுத்தான், குறட்டை விட ஆரம்பித்தான்.

ஆசீரின் குறட்டையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். கல்யாணமான புதிதில் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், ராத்திரியெல்லாம் உங்க வீட்டில் மாவாட்டுகிறீர்களா என்று கேட்ட குறட்டை அது. இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டு, மறுபடி இழுத்து. ஜெபக்கனி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் போவார்கள், கடைகள் அடைத்திருக்கும், மிச்சப் பேர் சாப்பாட்டில் இருப்பார்கள், கம்பிக்கதவோரம் இரண்டொரு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் பார்த்து அவள் ஆசீரை மொபெட்டின் பின்னால் உட்காரவைத்து, துண்டால் தன்னோடு சேர்த்துக் கட்டி, கடல் பக்கத்து வாசல் வழியாகப் பம்ப் ஹவுஸுக்குக் கொண்டுபோய், புண்ணியவதி விரித்த கோரைப்பாயிலேயே படுக்கவைத்தாள். “உமக்கு ஒரு வேலையுமில்ல, தூங்கணும்” என்றாள். அந்த மாதிரி உத்தரவை எந்தப் பெண்டாட்டி வாயிலும் அவன் கேட்டதில்லை, உடனே கீழ்ப்படிந்தான். அவன் குறட்டை ஏறியதும் அவள் மோட்டாரின் முதுகில் கை வைத்து, “பாய், எந்திரிங்க” என்றாள். குறட்டை நின்றது. ‘ம்ம்’ என்று ஒரு சிணுங்கல், இன்னும் கொஞ்ச நேரம் என்பதுபோல. அவள் ஒன்றாம் நம்பரை நிறுத்தி இரண்டாம் நம்பரின் பச்சை பட்டனை அழுத்தினாள். பாய் ஒரு தும்மல் தும்மினார், குழாயில் இருந்து துருத் தண்ணீரைக் காறித் துப்பினார், பிறகு ஓடினார்.

ஊருக்கு எப்போதும்போல ஒரு ரீங்காரமும் ஒரு குறட்டையும் கேட்டன. எது யாருடையது என்று யாருக்குத் தெரியும்? கம்பிக்கதவோரம் இருந்தவர், “இன்னைக்குப் பாய் ரொம்ப அசந்து தூங்குதாரு, கவனிச்சியா” என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். உள்ளே ஜெபக்கனி வாயைப் பொத்திக்கொண்டு, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள்.

அப்படியே வெள்ளிக்கிழமைதோறும். பாய்க்கும் பழகிப்போயிற்று. அவள் கை வைக்கும் முன்பே குறட்டை மெலிந்து, லேசாக ஒரு சூடு உடம்பில் ஏறி, விழித்துக்கொண்டு காத்திருப்பார். ஓடி முடித்ததும் நிறுத்தினால் ஒரு நீண்ட பெருமூச்சு, அடுத்த கணம் தூக்கம். ஆசீர்தான் எழுந்திருக்கமாட்டான். “மோட்டாரை எழுப்பிரலாம் போல, உம்மை எழுப்ப முடியல” என்று வைதுகொண்டே அவனைத் துண்டில் கட்டி மொபெட்டில் ஏற்றுவாள்.

பிறகு கார்த்திகை வந்தது, மழை வந்தது, வந்த மழை நிற்காமல் பெய்தது. வாய்க்கால் தெருவாகி, தெரு வாய்க்காலாகி, ஒன்றாம் நம்பர் மூச்சுப் பிடித்து ஓடி ஓடி, ஒரு மத்தியானம் கருகல் வாசனையோடு நின்றது. ரீங்காரம் நின்றதும் ஊரில் எல்லாரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினார்கள். பம்ப் ஹவுஸுக்குள் குறட்டைச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

ஜெபக்கனி பாயின் பக்கம் திரும்புவதற்குள் குடையும் சாக்குமாக ஊர் வந்து கதவை அடைத்துக்கொண்டு நின்றது, தலைவர் உள்ளே வந்து பச்சை பட்டனை மறைத்துக்கொண்டு நின்றார். “பொறும்மா. தீர்மானம் இருக்கு. எழுப்பணும்னா மன்றம் கூடணும்” என்றார்.

“கூடுங்க. பள்ளத்தெருவில முழங்கால் தண்ணி.”

“திடுக்குன்னு எழுப்பினா நல்லதில்ல” என்றது ஒரு குரல். மேளம் வாசித்து எழுப்பலாம் என்றார் ஒருவர். மேளம் வேண்டாம், பயந்துவிடுவார், நாதஸ்வரம் மட்டும் போதும் என்றார் இன்னொருவர். டிகாஷன் வாசனை காட்டலாம் என்று ஒரு பெண் சொன்னாள். “முகத்துல தண்ணியத் தெளிங்கய்யா, தண்ணிக்கா பஞ்சம்?” என்றார் மீராசா பாய், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு. பேசப் பேசத் தண்ணீர் ஏறியது. கரை மேலிருந்து பார்த்தால் பள்ளத்தெருக் கூரைகள் தெரிந்தன, வாசற்படிகள் தெரியவில்லை. அவற்றில் ஒரு கூரைக்குக் கீழே, கட்டிலில், எங்கேயும் போக முடியாத மனுசன் ஒருத்தன் அவளுக்காகக் காத்திருந்தான். ஜெபக்கனிக்குள் இத்தனை வருஷமாகக் கொதித்துக்கொண்டிருந்தது பொங்கிவிட்டது. தலைவரின் குடையைப் பிடுங்கி வெளியே எறிந்தாள், அவர் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினாள், போய்ப் பச்சை பட்டனை அழுத்தினாள்.

பாய் ஒரு தும்மல் தும்மினார், ஓடினார்.

ஓடினார் என்றால் அப்படி ஓடினார். மழை விடும்வரை ஓடினார், விட்ட பிறகும் ஓடினார், கடைசி வாய்க்காலின் கடைசிச் சேற்றுத் தண்ணீரைத் தூக்கிக் கடலில் கொட்டும்வரை நிற்கவில்லை. பள்ளத்தெருவில் தண்ணீர் ஆசீரின் கட்டில் சட்டத்தைத் தொட்டு, விரிப்பின் ஓரத்தை நனைத்து, பிறகு மனசு மாறியதுபோல இறங்கிப் போயிற்று. ஜெபக்கனி வந்து அந்த ஈர ஓரத்தைப் பிழிந்தாள். அவன் தலையைத் தடவினாள். “இருக்கீயளா?” என்றாள். “எங்க போக?” என்றான் அவன்.

ஒன்றாம் நம்பருக்குக் கருகின கம்பிச் சுருளை மாற்றிக் கட்டி மறுபடி ஓடவிட்ட பிறகு, பாராட்டுக் கூட்டம் பம்ப் ஹவுஸ் வாசலிலேயே பந்தல் போட்டு நடந்தது. மோட்டாருக்கு ஆளுயர மாலை. தலைவர் குடை பறிபோனதையும் நெஞ்சில் தள்ளு வாங்கியதையும் பெருந்தன்மையாக மறந்துவிட்டு மைக்கைப் பிடித்தார். “ஒரு தட்டுல ஓடிச்சே, எப்படி? நாம கெடுக்காம தூங்கவிட்டதால. இத்தனை நாள் சேத்து வச்ச தூக்கம் அத்தனையும் அன்னைக்குப் பலமா வந்து நின்னுது” என்றார். கைத்தட்டல் கரை தாண்டிக் கேட்டது.

ஜெபக்கனி மேடை ஏறினாள். மைக்கை வாங்கவில்லை, பிடுங்கினாள். “தூங்கவிட்டதால இல்ல. நீங்க விட்டீய, நான் விடல. வெள்ளிக்கிழமைதோறும் நான் எழுப்பி ஓட்டினேன். அதனால ஓடிச்சு. இல்லேன்னா பழசு மாதிரி ‘ங்ங்’னு நின்னிருக்கும், எல்லாரும் மிதந்திருப்போம்.”

கூட்டம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது. “வெள்ளிக்கிழமை நான் இங்கதான் இருப்பேன்” என்றார் கம்பிக்கதவோரத்து ஆள். “என் காதால குறட்டை கேட்டேன். மத்த நாளைவிட நல்லாக் கேட்டேன்.”

“அது என் வீட்டுக்காரரு குறட்டை.”

சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்த பிறகு நிறுத்தினார்கள். தலைவர் நியாயஸ்தர், அதையும் மறுக்க முடியாது. “அப்படின்னா தம்பி தூங்கிக் காட்டட்டும்” என்றார்.

ஆசீரைத் தூக்கிக்கொண்டு வந்து மேடையில் பாய் விரித்துப் படுக்கவைத்தார்கள். தலைமாட்டில் மைக். ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் கண்ணை மூடினான். புரண்டு படுத்தான். மல்லாந்து படுத்தான். வாயைத் திறந்து வைத்துப் பார்த்தான். படுத்த இடத்தில் தூங்குகிறவன், சாப்பாட்டுத் தட்டின் முன் தூங்குகிறவன், மொபெட்டில் துண்டு கட்டில் தூங்குகிறவன், அத்தனை கண்ணும் அவன் மேல் இருக்க, தூக்கம் கிட்டேயே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ‘கொர்’ என்று ஒன்று விட்டுப் பார்த்தான், பொய்யென்று குழந்தைகளுக்கே தெரிந்தது. ஒரு கண்ணைத் திறந்து அவளைத் தேடினான். “ஜெபா, வரமாட்டேங்குது” என்றான் மைக்கில்.

அந்த நேரம் பார்த்து உள்ளே, ஓடிக் களைத்த பாய், இழுத்து, நிறுத்தி, மெதுவாக விட்டார். கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? “பாவம், புருஷன் மேல உள்ள பிரியத்துல பேசுதா” என்று பெண்கள் சொன்னார்கள். உள்ளே தூங்குகிறவர் விழித்துவிடுவார் என்று யாரும் கைகூடத் தட்டவில்லை. இனிமேல் யாருக்கும் சபலம் தட்டக் கூடாது என்று இரண்டாம் நம்பர் ஸ்டார்ட்டருக்கு ஒரு பெட்டி செய்து பூட்டு போட்டார்கள். சாவி தலைவர் வீட்டு பீரோவுக்குப் போயிற்று. ஆசீர் வீட்டுக்கு வந்து கட்டிலில் சாய்ந்தான், தலை படுவதற்குள் தெருவே அதிரக் குறட்டை விட்டான். ஜெபக்கனி அவனை அடிக்கக் கையை ஓங்கினாள், அடிக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் ஒன்றாம் நம்பருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது குறட்டை மெலிந்து நின்றது. திரும்பிப் பார்த்தாள். பாய் விழித்திருந்தார். கிட்டே போய்க் கை வைத்தாள், உடம்பு வெதுவெதுப்பாக இருந்தது, உள்ளே ஏதோ ஒரு துடிப்பு, இப்போதா இப்போதா என்று. அவள் பூட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். “இன்னைக்கு இல்ல பாய்” என்றாள். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர் தூங்கிப்போனார். அடுத்த வெள்ளிக்கிழமையும் விழித்தார், அதற்கடுத்ததும் விழித்தார், கொஞ்சம் தாமதமாக. தை பிறந்த பிறகு ஒரு வெள்ளிக்கிழமை அவர் விழிக்கவில்லை. அதன்பிறகு விழிக்கவே இல்லை. குறட்டை மட்டும் முன்னைவிடக் கனமாக, இடைவெளி நீண்டு கேட்டது. இப்போதுதான் பாய் நிம்மதியாகத் தூங்குகிறார் என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள்.

புரட்டாசி முடியும்போது ஜெபக்கனி சூளையில் இருந்து ஒரு வண்டி செங்கல் வாங்கிவந்தாள். ஆசீரைச் சுவரோரம் சாய்த்து உட்காரவைத்துவிட்டு, கட்டிலின் ஒரு காலைத் தோளால் தூக்கிப் பிடித்து, அடியில் செங்கலாக அடுக்கினாள். சத்தம் கேட்டு வந்த இசக்கியம்மாள் நிலைப்படியில் நின்று வேடிக்கை பார்த்தாள்.

“என்ன ஜெபா, கட்டிலைக் கூரைக்கே ஏத்திருவ போலிருக்கே. எதுக்கு இம்புட்டு ஒசரம்?”

“மழை வருதுல்லா மைனி.”

“வந்தா என்ன? அதான் பாய் இருக்காருல்லா?”

“இருக்காரு” என்றாள் ஜெபக்கனி. “தூங்குதாரு.” புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த காலுக்குச் செங்கல் எடுத்தாள்.